நடக்க முடிகிறது, தலை வாரத்தான் முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 52. நுரையீரல் இறுகிப்போகும் நோயால் மூன்று வருடம் ஆக்சிஜன் குழாயோடு வாழ்ந்தேன். ஐந்து மாதத்துக்கு முன்பு இரண்டு நுரையீரலையும் மாற்றினார்கள். இப்போது ஆக்சிஜன் தேவையில்லை. தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனால் தலை வாரப் போனால் பாதியில் கை விழுந்துவிடுகிறது. கொடியில் துணி போட, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பா எடுக்க, தலைக்குக் குளிக்க என்று கை உயர்ந்தாலே தோள் கடுக்கிறது, மூச்சும் வாங்குகிறது. விரல் நடுக்கம் வேறு. சட்டைப் பொத்தான் போட 5 நிமிடம் ஆகிறது. என் மகன் எதையும் தூக்கவே விடுவதில்லை. புது நுரையீரல் கெட ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்தவரிடம் போய்த் தலை வார முடியவில்லை என்று சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் எழுதியிருப்பதில் நுரையீரல் கெடுவதற்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. நுரையீரலில் கோளாறு என்றால் நடையும் சேர்ந்து குறையும், ஊதிப் பார்க்கும் அளவும் இறங்கும். உங்களுக்கு இரண்டும் நன்றாக இருக்கின்றன. கை உயரும்போது மட்டும்தான் தொல்லை. இது பெரும்பாலும் தசையின் பிரச்சினை. நுரையீரல் மாற்றியவர்களுக்கான பிசியோதெரபியில் இருக்கும் எனக்கு இந்தப் புகார் நன்றாகப் பழகியது. கேட்டால்தான் சொல்வார்கள். தானாக யாரும் சொல்வதில்லை, உங்களுக்கு இருக்கும் அதே கூச்சம்தான் காரணம். தயவுசெய்து அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தலை வார முடியவில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு மனுஷி தன் வேலையைத் தானே செய்துகொள்ளத்தான் அவ்வளவு பெரிய ஆபரேஷனே.

கால் தேறியிருக்கிறது, கை ஏன் தேறவில்லை? இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நோய் முற்றியிருந்த நாட்களில் நீங்கள் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலிலோ மேஜையிலோ ஊன்றி, தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு. மூச்சுத் திணறுகிற எல்லோரும் தானாகவே அப்படித்தான் உட்காருவார்கள். மார்பின் முன்பக்கத் தசை, கழுத்தின் பக்கத் தசைகள், தோள்பட்டையை விலாவோடு பிடித்திருக்கும் தசை எல்லாம் சாதாரணமாகக் கையையும் கழுத்தையும் அசைப்பதற்கு இருப்பவை. கையை ஊன்றிக்கொண்டால் இவை விலா எலும்புகளை மேலே இழுத்து மூச்சுக்கு உதவும். அதாவது, மூன்று வருடமாக உங்கள் கைகள் நுரையீரலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. இப்போது கையைத் தலைக்கு மேலே தூக்கினால் அதே தசைகள் கையின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. மூச்சுக்கான உதவி அந்த நேரத்தில் நின்றுபோகிறது. நுரையீரல் நோயாளிகளுக்குக் கால் வேலையைவிடக் கை வேலையில் மூச்சு தாளம் தப்புவது இதனால்தான். புது நுரையீரல் வந்துவிட்டது, ஆனால் தசைகள் பழைய வேலைக்குப் பழகி, குறுகி, இறுகி அப்படியே இருக்கின்றன.

அதற்கு மேல் ஆபரேஷன். இரண்டு நுரையீரலையும் மாற்றும்போது மார்பின் குறுக்கே, ஒரு பக்க விலாவிலிருந்து மறு பக்கம் வரை வெட்டி, நடுவில் மார்பெலும்பையும் அறுத்துத் திறப்பது பரவலாக உள்ள முறை. உங்களுக்கும் தழும்பு மார்புக்குக் குறுக்கே இருந்தால் அந்த முறைதான். வழியில் மார்பு நரம்புகளும் விலா இடுக்குத் தசைகளும் பாதிக்கப்படும். தழும்பைச் சுற்றி மரத்துப்போனதும், கையைப் பக்கவாட்டில் விரித்தால் சுரீர் என்று இழுப்பதும் அதனால்தான். பிறகு ஐசியூ படுக்கை. அப்புறம் எலும்பு சேரும் வரை பாரம் தூக்காதே, தள்ளாதே, இழுக்காதே என்ற கட்டுப்பாடு. அந்த வாரங்களில் உங்களை நடக்கச் சொல்லி எல்லோரும் உற்சாகப்படுத்தியிருப்பார்கள். கையை அசைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வந்திருக்காது. காலுக்குத் தினமும் 40 நிமிடப் பயிற்சி, கைக்கு ஐந்து மாதமாக ஓய்வு. கணக்கு அங்கேயே தெரிகிறது.

மருந்துகளுக்கும் பங்கு உண்டு. ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், முக்கியமாகத் தோளையும் தொடையையும் சுற்றியுள்ள பெரிய தசைகளை. உடல் புது நுரையீரலை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்றவை தசை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனையே குறைக்கின்றன. அதனால்தான் ஊதும் அளவு கிட்டத்தட்ட இயல்புக்கு வந்த பிறகும், சைக்கிள் மிதிக்க வைத்து உச்ச உழைப்புத் திறனை அளந்தால் அந்த வயதுக்குரியதில் 40 முதல் 60 சதவீதம்தான் பலருக்கு வருகிறது. பெரும்பாலும் அவர்களை நிறுத்துவது மூச்சு இல்லை, தசைதான். இது அளந்து பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதாக நினைக்காதீர்கள்.

இந்த மருந்துகளை ஒருநாளும் நீங்களாகக் குறைக்கக் கூடாது. புது நுரையீரலைக் காப்பாற்றுவது அவைதான். தசையை வேறு வழியில் மீட்போம்.

ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல். 1963-இல் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக ஒரு மனிதருக்கு நுரையீரல் மாற்றியபோது அவர் 18 நாள் உயிரோடு இருந்ததே பெரிய விஷயம். 1983-இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழு செய்ததுதான் நீண்ட நாள் பலன் தந்த முதல் ஒற்றை நுரையீரல் மாற்று. அன்றைக்கு இருந்த ஒரே கேள்வி, ஆள் பிழைப்பாரா என்பது. இன்றைக்குப் பிழைத்து வந்தவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டிய காலம். ஆனால் இன்னும் நாம் அளப்பது 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்பதைத்தான். அந்தச் சோதனையில் கைக்கு வேலையே இல்லை. தொடைத் தசையைப் பற்றி ஆராய்ந்த அளவுக்குக் கையைப் பற்றி ஆராயவும் இல்லை.

கையை அளக்கவும் வழி இருக்கிறது. ஒரு பலகையில் நான்கு முளைகள் இருக்கும், இரண்டு தோள் உயரத்தில், இரண்டு அதற்குக் கொஞ்சம் மேலே. கீழ் முளைகளில் வளையங்கள் மாட்டியிருக்கும். இரண்டு கையாலும் அவற்றை எடுத்து மேலே மாட்ட வேண்டும், பிறகு திரும்பக் கீழே. 6 நிமிடத்தில் எத்தனை வளையம் நகர்ந்தது என்று எண்ணுவோம். பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். தினமும் ஒரு மணி நேரம் நடக்கும் ஒருவர் இதில் மூன்றாவது நிமிடம் கையைத் தொங்கப் போட்டுவிட்டார். ஆக்சிஜன் அளவு 97-இல் அசையாமல் நின்றது. "மூச்சா, கையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கைதான்" என்றார். இத்தனை நாளும் மூச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். உங்கள் மருத்துவமனை பிசியோதெரபிஸ்டிடம், என் கையையும் அளந்து பாருங்கள் என்று கேளுங்கள். பலகை இல்லாவிட்டாலும் பிடிவலிமைக் கருவியும் தோள் வலிமை பார்க்கும் வழியும் இருக்கும்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஆரம்பிக்கும் முன் அறுவை சிகிச்சை நிபுணரிடம் ஒரே ஒரு கேள்வி: என் மார்பெலும்பு சேர்ந்துவிட்டதா, கைக்குப் பாரம் கொடுக்கலாமா? பொதுவாக 3 மாதத்தில் சேர்ந்துவிடும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தாமதமாகலாம். மார்பெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இருமிப் பாருங்கள். க்ளிக் என்று அசைவோ சத்தமோ தெரிந்தால் பயிற்சி வேண்டாம், உடனே காட்டுங்கள்.

அனுமதி கிடைத்த முதல் இரண்டு வாரம் பாரமே வேண்டாம், இறுகியதைத் தளர்த்துவது மட்டும். மல்லாந்து படுத்து, ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோய் இறக்குங்கள். படுத்தபடியே கைகளைப் பக்கவாட்டில் விரித்து, மார்பு திறப்பதை உணரும்படி ஒரு நிமிடம் கிடங்கள். உட்கார்ந்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றுக்கொன்று நெருக்கிப் பிடித்து விடுங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மேலே மேலே ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பத்து முறை, ஒரு நாளில் இரண்டு வேளை. இழுக்கிற உணர்வு இருக்கலாம், குத்துகிற வலி கூடாது.

அடுத்துதான் முக்கியமான பயிற்சி. இங்கே பலர் தவறு செய்கிறார்கள். கைக்குப் பலம் என்றதும் டம்பெல்லை எடுத்து முழங்கையை மடக்கி நீட்டுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் உங்கள் பிரச்சினை அங்கே இல்லை. வெறும் கையை உயரத்தில் தாங்கிப் பிடிப்பதுதான் உங்களுக்குக் கஷ்டம். ஒரு கையின் எடையே உடல் எடையில் 5 சதவீதம் வரும். 60 கிலோ இருப்பவருக்கு அது 3 கிலோ. தலை வாரும்போது அந்த 3 கிலோவைத் தோள் தாங்கிக்கொண்டு நிற்கிறது, சீப்பின் எடை ஒரு கணக்கே இல்லை. ஆகவே எதைப் பழக வேண்டுமோ அதையே பழகுங்கள். ஒரு அலமாரி முன்னால் நில்லுங்கள். காலி டப்பாக்கள் பத்து எடுத்து இடுப்பு உயரத் தட்டில் வையுங்கள். ஒவ்வொன்றாகத் தோள் உயரத் தட்டுக்கு மாற்றுங்கள், பிறகு இறக்குங்கள். ஒரு நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு. ஓய்வில் கையை மேஜை மேல் தாங்கலாக வையுங்கள். இப்படி ஐந்து சுற்று. ஒரு வாரம் சுலபமாகப் போனால் தலைக்கு மேல் உள்ள தட்டுக்கு மாறுங்கள். அதற்கும் பிறகுதான் டப்பாவுக்குள் ஏதாவது போட்டுக் கனமாக்குவது.

பலப் பயிற்சியை வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். அரைக் கிலோவில் தொடங்கலாம். கையை முன்பக்கம் தோள் வரை உயர்த்துவது, பக்கவாட்டில் உயர்த்துவது, ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி முழங்கையைப் பின்னால் இழுப்பது. இந்த மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, வருடக்கணக்காகக் கூன் விழுந்த முதுகை நிமிர்த்துவது அதுதான். 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் 12 தடவை சிரமமில்லாமல் முடிந்தால் கனத்தைச் சற்றுக் கூட்டுங்கள். பூஜ்யம் முதல் பத்து வரை சிரமத்துக்கு மார்க் போட்டால் 3, 4-இல் இருக்க வேண்டும். தள்ளித் தண்டால் எடுப்பது, கம்பியில் தொங்குவது, கனமானதைத் தலைக்கு மேல் தூக்குவது இப்போது வேண்டாம்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த முறை தலை வாரும்போது கவனியுங்கள், சீப்பு உச்சியைத் தொடுகிற வினாடியில் மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் செய்வதுதான். பழைய நாட்களின் பழக்கம். கை உயரும்போது உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடுங்கள், இறங்கும்போது இழுங்கள். முதலில் செயற்கையாக இருக்கும், சில வாரத்தில் தானாக வரும். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தமும் ஏறும். ஒரே அளவு உழைப்புக்குக் கால் வேலையைவிடக் கை வேலையில் அழுத்தமும் நாடித்துடிப்பும் அதிகம் ஏறுவது இயல்பு. உங்கள் மருந்துகளும் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. அதனால் பயிற்சிக்கு முன் அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

கை தேறும் வரை வீட்டு வேலையைக் கொஞ்சம் மாற்றிச் செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேஜையில் ஊன்றித் தலை வாருங்கள். குளிக்கும்போது ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் எடுக்கிற பொருட்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் வையுங்கள். கொடியைத் தாழ்த்திக் கட்டுங்கள். ஆனால் எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிட்டு அதிலேயே நின்றுவிடக் கூடாது. என்னிடம் வந்த ஒரு பெண், கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல், தலையை மடிவரை குனிந்து கைக்குக் கொண்டுவந்து வாரிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடம். அவருக்கே அது உறைக்கவில்லை, நான் பார்த்துத்தான் சொன்னேன். அதற்குள் தோள் மூட்டே இறுகிப்போயிருந்தது. ஆகவே ஒரு நாளில் ஒரு வேலையையாவது பழைய மாதிரி, தாங்கல் இல்லாமல், முடிகிற வரை செய்யுங்கள்.

விரல் நடுக்கம் வேறு கதை. அது டாக்ரோலிமஸின் பக்கவிளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரை போட்ட ஓரிரு மணி நேரத்தில் கூடுகிறதா என்று ஒரு வாரம் குறித்து வைத்துக் காட்டுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவையும் மக்னீசியத்தையும் பார்ப்பார்கள். அந்த மருந்து மக்னீசியத்தைக் குறைக்கும், அதனாலும் நடுக்கமும் தசைப்பிடிப்பும் வரும். பொத்தான் போடும்போது முழங்கையை உடலோடு ஒட்டி வைத்தால் விரல் நிதானப்படும். நடுக்கத்தைப் பயிற்சியால் போக்க முடியாது. அதை நினைத்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

சில அறிகுறிகள் வந்தால் என் பயிற்சியை ஓரம் வைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் பேசுங்கள். காய்ச்சல், புதிய இருமல், நடக்கும்போது முன்பு இல்லாத இரைப்பு, ஆக்சிஜன் அளவு வழக்கத்தைவிட இறங்குவது. வீட்டில் ஊதிப் பார்க்கும் கருவி இருந்தால், உங்கள் சிறந்த அளவிலிருந்து 10 சதவீதம் குறைந்து மறுநாளும் அப்படியே இருப்பது. ஒரு கை மட்டும் வீங்கிக் கனப்பது, ஏனென்றால் ஐசியூவில் குழாய் போட்ட கையிலும் கழுத்திலும் ரத்தம் உறையலாம். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தே இருந்தால் அது நரம்பு, அதையும் காட்டுங்கள், அவசரம் இல்லை. நாற்காலியிலிருந்து எழவும் தொடை ஒத்துழைக்கவில்லை என்றால் ஸ்டீராய்டு தசையைப் பாதிப்பது அதிகமாகியிருக்கலாம், டாக்டருக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில் பாரப் பயிற்சியை நிறுத்திவையுங்கள். ஸ்டீராய்டோடு சேரும்போது தசைநார் அறுந்துபோகும் அபாயம் கூடும்.

உங்கள் மகனிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள். தம்பி, அம்மாவை அந்த நிலையில் பார்த்த பயம் உங்களை விட்டு எளிதில் போகாது, அது எனக்குப் புரிகிறது. பாரம் தூக்காதே என்று மருத்துவமனையில் சொன்னது எலும்பு சேரும் வரைக்கும்தான், ஆயுள் முழுவதற்கும் சொன்னது இல்லை. இப்போது அம்மா கையிலிருந்து டப்பாவை நீங்கள் வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தோளுக்கு ஒரு பயிற்சி போகிறது. வாங்காதீர்கள். பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள், எத்தனை டப்பா என்று எண்ணுங்கள். உங்களுக்குச் சளி இருக்கும் நாளில் மட்டும் தள்ளி நின்று எண்ணுங்கள்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 6 முதல் 8 வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். கால் அளவுக்கு வேகமாக வராது, நடுவில் ஒரு தொற்றோ, ஸ்டீராய்டு அளவு கூடுவதோ வந்தால் கொஞ்சம் பின்வாங்கும். பின்வாங்கினால் பாதிக் கனத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

முதல் நாள் ஒரு நிமிடத்தில் எத்தனை டப்பா நகர்த்தினீர்கள், சுவரில் கோடு எங்கே விழுந்தது, தலை வாரும்போது கை எத்தனையாவது இழுப்பில் இறங்கியது, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறாவது வாரம் திரும்பப் பார்த்து இரண்டு கணக்கையும் எனக்கு அனுப்புங்கள். எண்ணிக்கை ஏறவே இல்லை என்றாலும் அனுப்புங்கள், அப்போது பயிற்சியை மாற்றிப் பார்ப்போம்.